அகக்கண் கொண்டு வரைந்த ஓவியர் பினோத் பிகாரி முகர்ஜி

சட்டமிட்ட ஓவியம் கைமாறும், ஊர்விட்டு ஊர் செல்லும், விலை பெறும். சுவரில் எழுதிய ஓவியமோ கட்டடத்தோடு வாழ்ந்து கட்டடத்தோடு மூப்பெய்துவது. அதனை வாங்கவும் இயலாது, விற்கவும் இயலாது. அவ்வழியே நடப்போர் அனைவருக்கும் அது உரியது. சுவருக்கு நேரும் ஈரமும் விரிசலும் அதற்கும் நேரும். பொதுக் கட்டடங்களின் சுவர்களுக்கே தம் உழைப்பின் பெரும்பகுதியை ஈந்த ஓவியர் பலர் பொருளையும் பரந்த புகழையும் எதிர்பாராது உழைத்தவர்களே. இருபதாம் நூற்றாண்டு இந்திய ஓவியருள் அத்தகையோர் வரிசையில் முதன்மையாக வைத்து எண்ணத்தக்கவர் பினோத் பிகாரி முகர்ஜி.

பிறவியிலேயே பார்வைக் குறை உடையவர். அக்குறையோடு 75 அடிக்கும் மேல் நீண்ட சுவரோவியம் ஒன்றைப் படைத்தவர். ஐம்பது வயதைக் கடந்த நிலையில் எஞ்சியிருந்த பார்வையையும் இழந்தவர். அதன்பின்னும் மற்றுமொரு சுவரை அணிசெய்தவர். பார்வை இழந்த பின்னும் படைத்தார் என்று வியந்து அவர் வரலாற்றை முடித்துவிடுவது பலருக்கும் வழக்கம். ஆனால் பார்வை இருந்த காலத்தில் அவர் எவ்வாறு வரைந்தார் என்பதை நோக்கினால் அவ்வியப்புக்கு ஒரு விளக்கமும் கிடைக்கும்.

பிறப்பும் இளமையும்

கல்கத்தாவை அடுத்த பெகாலாவில் 1904-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 7-ஆம் நாள் பினோத் பிகாரி பிறந்தார். ஒரு கண்ணில் பார்வை இல்லை. மற்றொரு கண்ணிலோ கடுமையான கிட்டப்பார்வை. கரும்பலகையில் எழுதுவதைப் படிக்க இயலாத பிள்ளைக்கு அக்காலப் பள்ளிகளில் இடமில்லை. படிப்பு அடிக்கடி தடைப்பட்டது. ஒத்த வயதுடைய பிள்ளைகள் ஓடியாடிய பொழுதுகளில் அவர் தனித்திருந்தார். எந்தப் பொருளையும் கண்ணருகே கொண்டுவந்து நெடுநேரம் உற்றுநோக்கும் பழக்கம் அத்தனிமையில் படிந்தது. தொலைவில் இருப்பது மங்கலாயினும் அருகில் இருப்பதன் நுட்பம் அவருக்குத் தப்பவில்லை.

1917-இல் அவர் சாந்திநிகேதனப் பள்ளியில் சேர்ந்தார். மரநிழலில் வகுப்பு, தேர்வின் அச்சமற்ற கல்வி, பாட்டும் படமும் பாடத்தின் பகுதி என்றிருந்த அவ்விடம், பிற பள்ளிகள் ஏற்கத் தயங்கிய மாணவருக்கு ஏற்ற இடமாயிற்று. 1919-இல் இரவீந்திரநாத தாகூர் அங்குக் கலாபவனம் என்னும் கலைப்பள்ளியைத் தொடங்கினார். அதன் தொடக்க கால மாணவருள் பினோத் பிகாரியும் ஒருவர்.

ஓர் ஐயமும் ஒரு விடையும்

கலாபவனத்தைப் பொறுப்பேற்று நடத்திய நந்தலால் போஸ், மாணவரின் குறையறிந்து கவலையுற்றார். கண்ணே கருவியாக உள்ள கலையைக் கண் குன்றிய இளைஞர் எவ்வாறு பயில்வார், நாளை அதனைக் கொண்டு எவ்வாறு பிழைப்பார் என்பது ஆசிரியரின் நியாயமான கவலை. அதனைத் தாகூரிடம் தெரிவித்தபோது, அம்மாணவர் தம் இடத்தில் அமர்ந்து ஆர்வத்தோடு பணி செய்கின்றாரா என்பதையே தாகூர் வினவினார் என்றும், செய்கின்றார் என்றறிந்ததும் அவரை அவர் போக்கில் விட்டுவிடுமாறு கூறினார் என்றும் வரலாறு சொல்கின்றது. அந்த ஒரு முடிவினால் இந்திய ஓவியம் பெற்றது பெரிது. திறமையை அளந்து பார்த்து அனுமதிக்கும் கல்விமுறையாக இருந்திருப்பின் பினோத் பிகாரி வாயிற்படியிலேயே நிறுத்தப்பட்டிருப்பார்.

1925-இல் அவர் கலாபவனத்திலேயே ஆசிரியரானார். அதே ஆண்டில் மாணவராக வந்து சேர்ந்த ராம்கிங்கர் பைஜ், பின்னாளில் சிற்பத்தில் பெரும்பெயர் ஈட்டினார். நந்தலாலும் இவ்விருவரும் சேர்ந்து சாந்திநிகேதனக் கலைக்கு உருக்கொடுத்த மூவர் எனப் போற்றப்படுகின்றனர்.

செம்மண் நிலத்தின் ஓவியர்

அக்கால வங்க ஓவியர் பலரின் உள்ளம் புராணத்திலும் பழைய அரசர் வரலாற்றிலும் தோய்ந்திருந்தது. அந்நிய ஆட்சிக்கு எதிரே பழம்பெருமையை நிறுத்துவது அவர்தம் நோக்கம். பினோத் பிகாரியின் நாட்டம் அத்திசையில் செல்லவில்லை. சாந்திநிகேதனத்தைச் சூழ்ந்த பீர்பூம் மாவட்டத்து நிலமே அவருக்குப் போதுமான பொருளாயிற்று. மழைநீர் அரித்துப் பள்ளமும் மேடுமாகக் கிடக்கும் செம்மண் வெளியை வங்கமொழியில் கோயாய் என்பர். ஆங்காங்கே ஒற்றைப் பனை, கோபாய் ஆற்றின் மெலிந்த நீர், சந்தால் பழங்குடியினரின் சிற்றூர்கள், சந்தைக்குச் செல்லும் மாந்தர், மேயும் எருமைகள். இவற்றை அவர் மீண்டும் மீண்டும் வரைந்தார். வீரமோ சோகமோ மிகைபட வரையாத, அமைதி நிறைந்த காட்சிகள் அவை.

நீண்ட சுருள் தாள்களில் வரைவதும் அவருக்கு உகந்ததாயிற்று. சுருளோவியத்தை ஒரே பார்வையில் முழுதும் காண இயலாது. ஒரு கையால் விரித்து மறுகையால் சுருட்டிக்கொண்டே, வழிநடப்பவன் ஊர்களைக் கடப்பது போல ஒவ்வொரு பகுதியாகக் கடந்து செல்லவேண்டும். கண்ட பகுதியை நினைவில் வைத்துக் காணும் பகுதியோடு இணைப்பது காண்பவர் கடமை. உலகத்தைப் பகுதி பகுதியாகவே கண்டு பழகிய அவருக்கு இவ்வடிவம் இயல்பாகப் பொருந்தியதில் வியப்பில்லை. பின்னர் அவர் எழுதிய சுவரோவியங்களின் விதை இச்சுருள்களில் உள்ளது.

1937-38-இல் அவர் ஜப்பான் சென்றார். அங்குள்ள பழைய மடங்களிலும் மாளிகைகளிலும் மடக்குத் தட்டிகள் மீதும் நகரும் கதவுகள் மீதும் ஓவியம் கட்டடத்தின் உறுப்பாகவே அமைந்திருப்பதைக் கண்டார். பதினேழாம் நூற்றாண்டு ஓவியர் சோதாட்சுவின் படைப்புகள் அவரைப் பெரிதும் கவர்ந்தன. வெற்றிடமும் ஓவியத்தின் பகுதியே என்பதும், ஒரு கோடு வேகமாகவும் மெதுவாகவும் நடக்கவல்லது என்பதும் அப்பயணத்தால் அவர்தம் கலையில் உறுதிப்பட்ட உண்மைகள்.

சுவரை நாடிய கல்விக்கூடம்

சாந்திநிகேதனத்தில் சுவரோவியம் தழைத்ததற்குக் காரணங்கள் உள. நந்தலால் போஸ் தம் இளமையில் அஜந்தா ஓவியங்களைப் படியெடுக்கும் பணியில் ஈடுபட்டவர். 1921-இல் பாக் குகை ஓவியங்களையும் படியெடுத்தவர். ஓவியம் செல்வர் இல்லத்துச் சரக்காக ஒடுங்காது மக்கள் நடமாடும் இடத்தில் விளங்கவேண்டும் என்பது அவர் கொள்கை. 1938-இல் ஹரிபுரா காங்கிரசு மாநாட்டிற்கு அவர் வரைந்த நாட்டுப்புற வாழ்க்கைப் படங்களும் அக்கொள்கையின் விளைவே. ஜெய்ப்பூரிலிருந்து நரசிங்கலால் என்னும் மரபுவழிக் கைவினைஞர் வரவழைக்கப்பட்டு, இராசத்தான முறைச் சுண்ணச் சுவரோவியத்தைக் கலாபவனத்தார்க்குக் கற்பித்தார். புதிதாக எழும்பிய விடுதியும் நூலகமும் வகுப்பறையும் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் பயிற்சிக் களமாயின.

இம்முறைகளுள் கடினமானது ஈரச்சுண்ணத்தின்மீது வரையும் ஃப்ரெஸ்கோ முறை. தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர்கால ஓவியங்கள் இம்முறையைச் சேர்ந்தவை என ஆய்ந்தோர் கூறுவர். அரைத்த சுண்ணச்சாந்தைச் சுவரில் பூசி, அது காயுமுன்னரே நீரில் குழைத்த வண்ணத்தால் வரைந்துவிட வேண்டும். சுண்ணம் காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்று இறுகும்போது வண்ணமும் அதனுள் பிணைந்து கல்லோடு கல்லாகின்றது. அதனாலேயே அது நூற்றாண்டுகள் நிற்கின்றது. ஆயின் ஒருநாளில் எவ்வளவு வரைய இயலுமோ அவ்வளவுக்கே சாந்து பூசவேண்டும். தவறு நேர்ந்தால் அழிக்க இயலாது. சாந்தையே செதுக்கியெடுத்து மீண்டும் பூசவேண்டும். நேற்று வரைந்த பகுதியும் இன்று வரையும் பகுதியும் பொருந்த வேண்டும். ஈர நிலையிலும் காய்ந்த நிலையிலும் வண்ணம் வேறுபடும் என்பதையும் முன்னரே கணிக்கவேண்டும். நல்ல பார்வை உடையோரே தயங்கும் முறை இது.

விதானத்தில் ஒரு குளம்

1940-இல் கலாபவன மாணவர் விடுதியின் விதானத்தில் அவர் பீர்பூம் நிலக்காட்சியை வரைந்தார். முட்டைக்கரு சேர்த்துக் குழைத்த வண்ணங்களால் ஆகியது அவ்வோவியம். நடுவில் ஒரு குளம். அதனைச் சூழ நாற்புறமும் மரங்கள், குடிசைகள், கால்நடைகள், உழைக்கும் மாந்தர். மேல் கீழ் என்னும் திசை அதற்கு இல்லை. எப்பக்கத்திலிருந்து அண்ணாந்து நோக்கினாலும் ஒரு காட்சி நேராகத் தோன்றும். மற்றவை அதனைச் சுற்றி விரியும்.

விதானம் என்றவுடன் தேவரையும் விண்ணகத்தையும் வரைவது உலகெங்கும் உள்ள வழக்கம். பினோத் பிகாரியோ தரையை மேலே ஏற்றினார். கிராமத்துக் குளமும் ஆடுமாடும் அங்கு இடம்பெற்றன. எங்கிருந்தோ வந்து விடுதியில் தங்கிய மாணவர், தாம் வாழவந்த நிலத்தின் முகத்தைப் படுத்தவாறே காணும்படி அது அமைந்தது. சடங்கோ விழாவோ வேண்டாமல், உறங்கும்போதும் விழிக்கும்போதும் உடனிருக்கும் கலை அது. அவ்வாண்டு கலாபவனத்தில் மாணவராகச் சேர்ந்தவருள் பின்னாளில் திரைப்பட மேதையாகிய சத்யஜித் ரேயும் ஒருவர். ஆசிரியரிடம் அன்று அவர் கொண்ட மதிப்பு, முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் ஒரு படமாக வெளிப்பட்டது.

1942-இல் சீன பவனத்தில் பினோத் பிகாரி மற்றொரு சுவரோவியம் வரைந்தார். சீன மொழியும் பண்பாடும் பயிலுவதற்காக 1937-இல் நிறுவப்பெற்ற அக்கட்டடத்தில், அவர் எடுத்துக்கொண்ட பொருள் சாந்திநிகேதன வளாகத்தின் அன்றாட வாழ்க்கை. வளாகத்தில் வாழ்வோர் தம்மையே சுவரில் கண்டனர். அதே கட்டடத்தில் அவர்தம் ஆசிரியர் நந்தலாலும் தாகூரின் நாடகம் ஒன்றைப் பொருளாகக் கொண்டு சுவரோவியம் எழுதினார். ஆசிரியர் நாடகத்தின் உச்சநிலையைத் தேர்ந்தார். மாணவர் நாடகமற்ற ஒரு நாளைத் தேர்ந்தார். இருவர்தம் இயல்பும் அத்தேர்வில் விளங்கும்.

இந்தி பவனத்து அருளாளர்கள்

1944-இல் அவர் லீலா மன்சுகானியை மணந்தார். சிந்துப் பகுதியிலிருந்து கலை பயில வந்த அவ்வம்மையார் சிற்பக்கலையில் தேர்ந்தவர். பினோத் பிகாரியின் வாழ்நாட் பெரும்பணியில் அவரும் பங்கேற்றார்.

1946-47-இல் நிறைவுற்ற அப்பணி, இந்தி பவனத்தின் மூன்று சுவர்களில் எழுதப்பெற்ற இடைக்கால அருளாளர்கள் வாழ்க்கை என்னும் ஓவியம். கதவுகளுக்கும் அலமாரிகளுக்கும் மேலாக, 8 அடி அளவு உயரமும் 75 அடிக்கும் மேற்பட்ட நீளமும் கொண்டு அது ஓடுகின்றது. அந்நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் கபீரைப் பற்றிய ஆய்வால் புகழ்பெற்ற ஹஜாரி பிரசாத் துவிவேதி. இடைக்கால அருளாளர்தம் பாடல்களைத் தொகுத்த க்ஷிதிமோகன் சென் அவ்வளாகத்திலேயே வாழ்ந்தார். கபீரின் பாடல்களைத் தாகூர் ஆங்கிலத்தில் தந்தது 1915-இல். எனவே அருளாளர் வரலாறு அங்குப் பேச்சிலும் பாட்டிலும் நாளும் வழங்கிய பொருள்.

இவ்வோவியத்தில் இடம்பெறுவோருள் இராமானுசர், கபீர், சூர்தாசர், துளசிதாசர், குரு கோவிந்த சிங் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர். திருப்பெரும்புதூரில் பிறந்து திருவரங்கத்தில் வாழ்ந்த இராமானுசர் இவ்வட நாட்டு அருளாளரோடு ஒரே சுவரில் நிற்பது தமிழர் கருதத்தக்க செய்தி. பக்தி தென்னாட்டில் பிறந்து வடக்கே பரவியது என்பது மரபுவழிக் கருத்து. அக்கருத்தை ஓவியர் விளக்கவுரை ஏதுமின்றிக் காட்சியாகவே நிறுவியுள்ளார். பதினோராம் நூற்றாண்டில் பிறந்த இராமானுசர் முதல் 1708-இல் மறைந்த குரு கோவிந்த சிங் வரை, நூற்றாண்டுகள் ஒரே நீரோட்டமாகச் சுவரில் செல்கின்றன.

அருளாளர் எவரும் தனிப்பீடத்தில் அமர்த்தப்படவில்லை என்பதே இப்படைப்பின் சிறப்பு. அவர்களுக்கு அருகிலும் முன்னும் பின்னும் மக்கள் கூட்டம் நெருங்கி நிற்கின்றது. கபீர் நெசவாளர், உழைப்போர் நடுவில் உழைப்பாளராக விளங்குகின்றார். தாயர், குழந்தைகள், சுமை தூக்குவோர், வழிப்போக்கர் ஆகியோரும் அருளாளருக்கு ஒப்ப இடம் பெறுகின்றனர். உருவங்கள் நெடிதாக உயர்ந்து தூண்களைப் போல நிற்கின்றன. கட்டடங்களும் தெருக்களும் படித்துறைகளும் அவற்றினூடே எழுகின்றன. காவி, செம்மண், பழுப்பு, மங்கிய பச்சை என வண்ணங்களும் பெரும்பாலும் மண்ணிலிருந்து பிறந்தவையே. பகட்டான ஒளியோ மயக்கும் அழகோ இல்லை. எளியோரிடமிருந்து எழுந்த ஓர் இயக்கத்தை எளிய நிறங்களால் எழுதியது பொருளுக்கும் வடிவத்துக்கும் உள்ள பொருத்தம்.

இப்பணி நடந்த காலத்தையும் எண்ணவேண்டும். 1946 ஆகஸ்டில் கல்கத்தா நகரம் மதக்கலவரத்தால் குருதியில் நனைந்தது. அவ்வாண்டே நவகாளியில் கொடுமை தொடர்ந்தது. 1947-இல் வங்கம் இரண்டாயிற்று. அந்நாளில், இந்து என்றோ முசுலிம் என்றோ ஒரு சிமிழுக்குள் அடங்காத கபீரையும், கோயிலிலும் தெருவிலும் கடவுளைப் பாடித் திரிந்த பெரியோரையும் ஒருவர் பொறுமையாகச் சுவரில் எழுதிக்கொண்டிருந்தார். கலவரத்தைப் பற்றி அவ்வோவியத்தில் ஒரு கோடும் இல்லை. ஆயினும் இந்நாட்டு மக்கள் எவ்வாறு சேர்ந்து வாழ்ந்தனர் என்பதற்கு அதனினும் அழுத்தமான சான்று அவ்வாண்டுகளில் சுவரில் எழுதப்பெறவில்லை எனலாம்.

பகுதியைக் கண்ட கண், முழுமையைக் கண்ட மனம்

அவர் வரைந்த முறை இன்றும் ஓவியரை வியக்கச் செய்வது. பெருஞ்சுவரோவியம் எழுதுவோர் முதலில் முழு அளவு முன்வரைவைத் தாளில் தீட்டி, அதனைச் சுவரில் படியவைத்து, அக்கோடுகளின்மேல் வண்ணமிடுவர். பினோத் பிகாரி அத்தகைய முழு அளவு முன்வரைவைப் பயன்படுத்தவில்லை. சிறு வரைவுகளைத் துணையாகக் கொண்டு, ஈரச்சுண்ணத்தின்மீது நேராகவே தூரிகையை ஓட்டினார். கே.ஜி. சுப்பிரமணியன் உள்ளிட்ட மாணவர் சிலர் சாந்து பூசுதல் முதலிய பணிகளில் உதவினர்.

இம்முறையின் அருமை அவர்தம் பார்வைக் குறையோடு சேர்த்து எண்ணும்போதே முழுதும் புலப்படும். சுவரோவியர் வரையும்போது சுவரருகே நிற்பார், அவ்வப்போது பின்னே வந்து முழுமையைக் காண்பார், பொருந்தாததைத் திருத்துவார். பினோத் பிகாரி சுவரருகே நின்றபோது கையளவு இடமே தெளிவாகத் தெரிந்தது. பின்னே வந்தாலோ தெளிவு போயிற்று. எனவே சுவரின் முழுமையை அவர் கண்ணில் வைத்துக்கொள்ள இயலாது. மனத்திலேயே வைத்திருந்தாக வேண்டும். 75 அடிக்கும் மேற்பட்ட சுவரின் ஒவ்வோர் உருவமும் எங்கே எழவேண்டும், எவ்விடத்தில் கூட்டம் நெருங்கவேண்டும், எவ்விடத்தில் தளரவேண்டும் என்பது உள்ளத்தில் உறுதிப்பட்ட பின்னரே கை சுவரைத் தொட்டது. அன்றாடம் அவர் செய்தது, மனத்தில் ஏற்கெனவே முடிந்திருந்த ஓர் ஓவியத்தின் அன்றைய பகுதியைச் சாந்தில் பதித்தலே.

சூர்தாசர் பார்வையற்றவர் என்பது மரபு. கண்ணனைக் கண்ணால் காணாது பாடலால் கண்டவர் அவர். அவரைச் சுவரில் எழுதிய ஓவியருக்குப் பத்தாண்டு கழித்து அதே நிலை வாய்த்தது.

அலைந்த ஆண்டுகள்

1949-இல் அவர் சாந்திநிகேதனத்தை விட்டு நீங்கிக் காத்மாண்டு சென்று, நேபாள அரசு அருங்காட்சியகப் பொறுப்பை ஏற்றார். அங்குள்ள மக்களையும் தெருக்களையும் கோயில்களையும் வரைந்தார். அவ்வாண்டில் பிறந்த மகள் மிருணாளினி, சணற்கயிற்றால் பேருருவங்கள் முடைந்த சிற்பியாகப் பின்னாளில் உலகப்புகழ் பெற்று, 2015-இல் மறைந்தார். நேபாளத்திலிருந்து திரும்பிய பினோத் பிகாரி, இராசத்தானத்திலுள்ள பனஸ்தலி வித்யாபீடத்தில் சிறிது காலம் பணிபுரிந்தார்; முசூரியில் மனைவியோடு சேர்ந்து கலைப்பயிற்சிப் பள்ளி ஒன்றை நடத்தினார்; பின்னர்ப் பாட்னாவில் கலைக்கல்விப் பணி ஆற்றினார். நிலையான வருவாயும் நிலையான இடமும் இல்லாத ஆண்டுகள் அவை. அந்நாளில் ஓங்கி வளர்ந்துவந்த நகரக் கலைச்சந்தைக்கும் அவருக்கும் தொடர்பில்லை. அவர்தம் சிறந்த படைப்புகளை எவரும் விலைக்கு வாங்கிச் செல்ல இயலாது. அவை சாந்திநிகேதனச் சுவர்களில் இருந்தன.

எஞ்சியிருந்த ஒரு கண்ணின் பார்வையும் நாளுக்குநாள் மங்கியது. 1956-57-இல் தில்லியில் கண்புரை அறுவை செய்துகொண்டார். அது பயன் தரவில்லை. பார்வை முழுதும் போயிற்று. கண் தெளியும் என்னும் நம்பிக்கையோடு சென்றவர் இருளோடு திரும்பினார்.

இருளில் ஒரு தொடக்கம்

1958-இல் சாந்திநிகேதனம் அவரை மீண்டும் அழைத்துக்கொண்டது. கலை வரலாறும் கலைக் கொள்கையும் கற்பிக்கும் ஆசிரியராக அவர் கலாபவனத்துக்குத் திரும்பினார். படங்களைக் காண இயலாத ஆசிரியர், தாம் முன்னர்க் கண்ட அஜந்தாவையும் சீன நிலக்காட்சிகளையும் ஜப்பானியச் சுருள்களையும் நினைவிலிருந்து எடுத்து விளக்கினார். ஒரு கோட்டின் வளைவு எங்குத் தொடங்கி எங்கு முடியும் என்பதும் அந்நினைவில் பிசகவில்லை.

கையும் ஓய்ந்திருக்கவில்லை. வரைகோலால் தாளில் வரைந்தார். வரைந்த கோட்டின் முடிவை இடக்கை விரல் காவலாக நின்று உணர்த்திற்று. மெழுகாலும் களிமண்ணாலும் சிற்றுருவங்கள் பிடித்தார். கல்லச்சுப் படங்கள் செய்தார். வண்ணத்தாள்களை வெட்டி ஒட்டிப் படமாக்கினார். எத்தாள் எந்நிறம் என்பதை அருகிருப்போர் சொல்ல, எந்நிறத்தருகே எந்நிறம் நிற்கவேண்டும் என்பதை அவரே முடிவு செய்தார். நிறம் கண்ணை விட்டு அகன்றாலும் அறிவை விட்டு அகலவில்லை. பார்வையின்மையை இழப்பாக மட்டும் எண்ணிக் கலங்காது, முன்னர் அறியாத ஒரு நிலையாகவும் அவர் ஏற்றார். எழுத்திலும் ஈடுபட்டார். சித்ரகார் என்னும் அவர்தம் வங்கமொழித் தன்வரலாற்று எழுத்து, ஓவியர் ஒருவரின் உள்ளத்தை மிகையின்றிக் காட்டும் நூலாகப் போற்றப்படுகின்றது. அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் அவர் மாணவர் கே.ஜி. சுப்பிரமணியன்.

1972-இல் கலாபவனக் கட்டடம் ஒன்றின் சுவரில் அவர் மீண்டும் ஒரு பெரும்பணி செய்தார். அப்போது அகவை 68. மெருகேற்றிய பீங்கான் ஓடுகளால் ஆகியது அச்சுவர். தாளை மடித்தும் வெட்டியும் மாந்தர் உருவங்களை அமைத்துக்கொண்டார். விரலால் தடவி அறியத்தக்க அவ்வுருவங்களே அவர்தம் முன்வரைவு. அவற்றின் இடத்தையும் இடைவெளியையும் அவர் கூற, உதவியாளர் ஓடுகளில் நிறைவேற்றினர். இளமையில் முன்வரைவு வேண்டாது சுவரில் நேராக எழுதியவர், முதுமையில் பிறர் கையின் வாயிலாக எழுதினார். ஆயினும் இரு முறைக்கும் அடிப்படை ஒன்றே. சுவரின் முழுமை அன்றும் மனத்தில் இருந்தது. இன்றும் மனத்தில் இருந்தது. முன்னர்க் கையளவு இடத்தைக் கண் சரிபார்த்தது. இப்போது அப்பணியை விரல் ஏற்றது. அவ்வளவே வேறுபாடு.

இந்தி பவன ஓவியத்தோடு ஒப்பிட, இச்சுவர் எளிமையானது. உருவங்களின் நெருக்கமும் நுட்பமும் குறைவு. பெரிய எளிய வடிவங்களும் தெளிந்த நிறங்களுமே மிகுதி. இதனை இரக்கம் கருதிப் பாராட்ட வேண்டிய தேவை இல்லை. நடந்து செல்வோர் தொலைவிலிருந்தே கண்டு மகிழும் புறச்சுவருக்கு இவ்வெளிமை தகுதியான பண்பு.

அவ்வாண்டே சத்யஜித் ரே தம் ஆசிரியரைப் பற்றிய குறும்படத்தை அகக்கண் எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் உருவாக்கினார். 20 நிமிட அளவுள்ள அப்படம், சாந்திநிகேதனத்துக்கு வெளியே அதிகம் அறியப்படாதிருந்த ஓவியரை நாடறியச் செய்தது. ஊர்விட்டு நகர இயலாத சுவர்களைத் திரைப்படம் ஊர்தோறும் கொண்டு சென்றது.

மறைவும் மரபும்

1974-இல் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கியது. 1980-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 11-ஆம் நாள் தில்லியில் அவர் மறைந்தார். 2006-07-இல் அவர்தம் நூற்றாண்டை ஒட்டித் தில்லி தேசிய நவீனக் கலைக்கூடம் படைப்புகளைத் திரட்டிக் காட்சி நடத்தியபோது அவர் பெருமை புதிய தலைமுறைக்கும் புலனாயிற்று.

அவர் கைவழி வந்த மரபு பெரிது. கே.ஜி. சுப்பிரமணியன் கேரளத்துக் கூத்துப்பறம்பில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளியல் பயின்று, 1942 விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்று, 1944-இல் சாந்திநிகேதனம் சேர்ந்தவர். இந்தி பவனச் சாரத்தில் ஏறி நின்று உதவிய அவ்விளைஞர், 1963-இல் இலக்னோவில் இரவீந்திராலய அரங்கச் சுவரைச் சுடுமண் ஓடுகளால் அணிசெய்தார். கலாபவன வளாகத்திலேயே ஒரு கட்டடத்தின் சுவர்களைக் கருப்பு வெள்ளை உருவங்களால் நிரப்பினார். பொதுச்சுவருக்கு உழைப்பது இழிவன்று, அதுவே ஓவியருக்கு உரிய பெரும்பணி என்னும் எண்ணம் ஆசிரியரிடமிருந்து மாணவருக்குச் சென்றதற்கு இவை சான்று.

2023-இல் சாந்திநிகேதனம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அதன் கட்டடங்களோடு சுவர்களும், சுவர்களோடு ஓவியங்களும் உலகத்தின் உடைமை என்று ஏற்கப்பட்டன. ஆயினும் பட்டியல் மட்டும் சுவரைக் காத்துவிடாது. கூரையில் ஒழுகும் நீரும் சாந்தில் ஊறும் ஈரமும் ஓவியரின் பெயரைக் கேட்டு விலகுவதில்லை. பொதுக் கட்டடங்களில் உள்ள கலையைக் காப்பது அக்கட்டடங்களைப் பயன்படுத்துவோர் கடமை.

குன்றிய பார்வையையும் சேமித்து வைத்துச் சிறு படங்களாக விற்றிருப்பின் பினோத் பிகாரி வளமாக வாழ்ந்திருக்கக்கூடும். அவரோ அப்பார்வை முழுவதையும் விடுதிக்கும் நூலகத்துக்கும் செலவிட்டார். அங்குத் தங்கிப் படித்த எண்ணற்ற மாணவர் அச்செலவின் பயனைப் பெற்றனர்.